சீனியைப் பற்றும் புரதம்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவேண்டுமென்று செயலாளர் எம்மைக் கேட்டபொழுது, விண்வெளியைப் பற்றியோ அணுவைப் பற்றியோ நாம் பேசுவோமென்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. சின்னி விரலின் நுனியளவுள்ள ஒரு கண்ணாடிப் புட்டி. அதன் அடியில், ஊன்றிப் பார்த்தாலன்றித் தெரியாத வெண்பொடி. புட்டியைச் சுற்றி ஒரு சீட்டு. சீட்டில் எழுதியிருப்பதைத் தமிழிற் சொன்னால், "மீள்சேர்க்கை மனித கலெற்றின்-3. ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதருக்குப் பயன்படுத்தற்கன்று" என்றாகும்.

சென்ற ஆண்டு இச்சங்கத்தின் இளைஞர் சிலர் எமது ஆய்வுகூடத்தைப் பார்க்க வந்திருந்தனர். அவர்களோடு வந்த பெரியவர் ஒருவர் இந்தச் சீட்டை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து வாசித்துவிட்டு, "மனித என்று போட்டிருக்கிறதே, எந்த மனிதனிடத்திலிருந்து எடுத்தது? இது பாவமில்லையோ?" என்று கேட்டார். வந்த இளைஞருள் ஒருவர் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, வேறொரு கேள்வியைத் தனியே கேட்டார். பெரியவரின் கேள்விக்கு அன்று நாம் சொன்ன மறுமொழி அரைகுறையானது; இன்று அதைச் செம்மையாகச் சொல்லலாமென்று வந்தோம். இளைஞரின் கேள்வியை இறுதியிற் சொல்வோம்.

இந்தக் கதை மனிதரிடத்தில் தொடங்கவில்லை, ஆமணக்கங்கொட்டையில் தொடங்குகின்றது. 1888ஆம் ஆண்டு, இன்று எசுத்தோனியா நாட்டில் தாற்று என வழங்குவதும் அன்று டோர்ப்பாற்று எனப் பெயர் பெற்றதுமான நகரத்துப் பல்கலைக்கழகத்தில், ஸ்ரில்மார்க் என்ற மாணவர் தம் பட்டத்துக்காக ஆமணக்கு விதையின் நஞ்சை ஆராய்ந்தார். விதையின் சாற்றைக் குருதியோடு சேர்த்தபொழுது, தனித்தனியே மிதந்த செங்குழியங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, திரைந்த பால்போல் அடியில் இறங்கின. சாற்றிலுள்ள ஒரு புரதமே இதைச் செய்ததென்று அவர் கண்டார். அதற்கு இரிசின் என்று பெயர். ஆமணக்கெண்ணெய் குடித்துப் பேதியான பெரியோர் இங்கே பலர் இருப்பீர்கள், அஞ்சவேண்டாம். அப்புரதம் நீரிற் கரைவது, சூட்டில் அழிவது. முறையாக எடுத்த எண்ணெயில் அது வாராது. அடுத்து 1891இல் ஹெலின் என்பவர் குன்றிமணியிலும் இத்தகைய புரதத்தைக் கண்டார். தட்டான் பொன் நிறுத்த குன்றிமணி, களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி, அதுவேதான். அழகானது, மென்றால் உயிருக்கு ஆபத்தானது. வீட்டிற் சிறு பிள்ளைகள் உள்ளோர் இதனை மனத்தில் வைத்துக்கொள்க.

செங்குழியங்கள் ஏன் ஒட்டின? இதற்கு விடை கிடைக்க நெடுங்காலம் சென்றது. ஐக்கிய அமெரிக்காவில் ஜேம்சு சம்னர் என்றொரு இரசாயன அறிஞர் இருந்தார். பதினேழு வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் நேர்ந்த விபத்தில் இடக்கையை இழந்தவர். அவரோ இயல்பில் இடக்கைப் பழக்கமுள்ளவர். ஒற்றைக்கையை, அதுவும் பழகாத கையை வைத்துக்கொண்டு பரிசோதனைக் குழாய்களோடு மல்லாடியவர். அவர் 1919இல், எம்மூர் வாளவரைக்கு உறவான ஓர் அவரை விதையிலிருந்து கொன்கனவலின்-ஏ என்ற புரதத்தைப் பளிங்குகளாகப் பிரித்தார். 1936இல் அவரும் அவரோடு உழைத்த ஹவெல் என்பவரும், அந்தப் புரதமும் செங்குழியங்களை ஒட்டச் செய்கின்றதென்றும், கரும்புச் சீனியைச் சேர்த்தால் ஒட்டுவது நின்றுவிடுகின்றதென்றும் அறிவித்தனர்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். சீனியைச் சேர்த்ததும் ஒட்டுவது ஏன் நிற்கவேண்டும்? புரதத்துக்குச் சீனியைப் பற்றும் கை இருக்கின்றது. குழியத்தின் மேற்பரப்பிலும் சீனி இருக்கின்றது. ஒரு கையால் ஒரு குழியத்தையும் மறு கையால் இன்னொரு குழியத்தையும் பற்றுவதாலேயே அவை திரள்கின்றன. கரைசலிலே தாராளமாகச் சீனியைக் கொட்டிவிட்டால், கைகள் அதனாலேயே நிரம்பிவிடுகின்றன. குழியங்களைப் பற்றக் கை ஒழிவில்லை. கடலைப் பொட்டலத்தை இரு கையிலும் கொடுத்துவிட்டால் பிள்ளை தாயின் சேலையை விட்டுவிடுவதுபோல என்க. இந்தச் சோதனை மிக எளிது; ஆனால் இன்றும் இத்துறையில் இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. பின்னால் இதை நாமே மறந்துபோன கதையொன்று வரும்.

சீனி என்றதும் தேநீரிற் போடுவதை மாத்திரம் எண்ணற்க. குளுக்கோசு, கலற்றோசு, மனோசு, பூக்கோசு என்று வெல்லங்கள் பலவகை. எம் உடலின் ஒவ்வொரு கலமும் இவற்றைச் சங்கிலியாகக் கோத்து மேலே அணிந்திருக்கின்றது. குருதி வகைகளை ஏ, பி, ஓ என்று சொல்கின்றோமே, அவற்றுக்கிடையேயுள்ள வேற்றுமை என்ன? சங்கிலியின் நுனியில் ஒரேயொரு வெல்லம். பி வகையில் அது கலற்றோசு. ஏ வகையில் கலற்றோசின் நெருங்கிய உறவான வேறொன்று. ஓ வகையில் இரண்டுமில்லை. இத்தனை சிறு வேற்றுமை தவறான குருதி ஏற்றப்பட்டவனின் உயிரையே வாங்கிவிடுகின்றது. இந்த வேற்றுமையைக் கண்டுகொள்ளும் புரதம் எங்கே இருக்கின்றதென்று தேடினால், நாம் இரசம் வைத்துக் குடிக்கும் கொள்ளில் இருக்கின்றது. 1951இல், இந்தியாவிற் பணிபுரிந்த பேர்ட் என்ற மருத்துவர், கொள்ளின் சாறு ஏ வகைக் குருதியைத் தெரிந்தெடுத்துத் திரளச் செய்வதை அறிவித்தார். ஏ வகைக்குள் உட்பிரிவுகளைப் பிரித்தறியக் குருதி வங்கிகளில் அது வழக்குக்கு வந்தது. பலாக்கொட்டையிலும், கச்சான்கொட்டையிலும் இத்தகைய புரதங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெல்லத்தைத் தெரிந்து பற்றும். இப்படித் தெரிந்தெடுப்பதனாலேயே, 1954இல் பொயிட் என்ற அறிஞர், தெரிந்தெடுத்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இலெற்றின் என்ற பெயரை இவற்றுக்கு இட்டார்.

அவரைக்கும் கொள்ளுக்கும் உள்ள திறமை மனித உடலுக்கு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1974இல் முயலின் ஈரலிலிருந்து கலற்றோசைப் பற்றும் புரதம் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. முலையூட்டிகளிலும் இலெற்றின் உண்டென்பது இவ்வாறு உறுதியாயிற்று. அடுத்த ஆண்டு, மின்சாரம் பாய்ச்சும் விலாங்கு மீனின் உடலில், பாற்சீனியாகிய இலற்றோசால் தடுக்கப்படும் இலெற்றினை இசுரவேலிலே தைக்பேர்க் என்பவரும் அவர் கூட்டாளிகளும் கண்டனர். அதற்குப் பின் கோழியில், எலியில், மனிதரில் என்று இக்குடும்பம் பெருகிற்று. ஒரே புரதத்துக்கு ஒவ்வொரு ஆய்வுகூடமும் ஒவ்வொரு பெயர் இட்டமையால் பெருங்குழப்பம் விளைந்தது. இப்புட்டியிலுள்ள புரதத்துக்கே மக்-2 என்றும் வேறு பலவாறும் பெயர்கள் இருந்தன. சண்டையிட்டுக்கொள்ளாமல் எல்லோரும் கூடி, 1994இல், கலற்றோசைப் பற்றும் இக்குடும்பத்துக்குக் கலெற்றின் என்று பொதுப்பெயரும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் கொடுத்தனர். சங்கங்கள் இரண்டாகப் பிரிவதையே கண்டு பழகிய எமக்கு இது கொஞ்சம் அதிசயமாகத்தான் இருக்கின்றது.

கலெற்றின்-3 என்பது 250 அமினோவமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் ஒரு பாதி நன்கு மடிந்து, நடுவில் ஒரு பள்ளத்தோடு இருக்கும். கலற்றோசு வந்து அமர்வது அந்தப் பள்ளத்திலேதான். மறுபாதி தளர்ந்து வால்போலக் கிடக்கும். வெல்லமணிந்த கலங்களை அடைந்ததும், வால்களின் உதவியால் பல கலெற்றின்கள் ஒன்றுகூடி, கலத்தின் மேல் வலை பின்னியதுபோலாகின்றன. காயம் ஆறுவதிலும், கிருமி வந்த இடத்துக்கு வெண்குழியங்கள் திரள்வதிலும் இதற்குப் பங்குண்டு. அளவு மிஞ்சினால் தீங்கிலும் பங்குண்டு. ஈரல், நுரையீரல், இருதயம் முதலிய உறுப்புகளில் வேண்டாத நார் படர்ந்து அவை விறைப்பதோடு இப்புரதம் சம்பந்தப்பட்டிருக்கின்றது.

இனிப் பெரியவரின் கேள்வி. புட்டியிலுள்ளதை எந்த மனிதனிடமிருந்தும் எடுக்கவில்லை. அப்படியானால் மனித என்று ஏன் எழுதினார்கள்?

எமது யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சிட்டார்கள். செல்லரித்த ஓலைச்சுவடிகளைத் தேடிப் பிடித்து, ஒப்புநோக்கி, அச்சுக்கு ஏற்றினார்கள். அந்த அச்சுப் புத்தகத்தில் ஓலை இருக்கின்றதா? ஒரு துணுக்கும் இல்லை. கடதாசியும் மையும் வேறெங்கிருந்தோ வந்தவை. ஆயினும் அதில் இருப்பது கலித்தொகைதான். இப்புட்டியின் கதையும் அவ்வாறே. எம்முடைய பதினான்காவது நிறமூர்த்தத்தில் கலெற்றின்-3ஐ ஆக்கும் விதி எழுதப்பட்டிருக்கின்றது. அந்த எழுத்தைப் பிரதிசெய்து, டி.என்.ஏ. என்ற நூலிழையாகக் கையில் எடுத்துவிட்டால், அதற்குப் பின் மனிதர் வேண்டியதில்லை. இக்காலத்தில் எழுத்து வரிசை தெரிந்தால் போதும், இயந்திரத்தாலேயே அந்த இழையைக் கோத்துவிடுகின்றனர். சீட்டிலுள்ள மனித என்ற சொல் பாடத்தைக் குறிப்பது, ஓலையைக் குறிப்பதன்று.

மீள்சேர்க்கை என்ற சொல்லும் இதனோடு விளங்கிவிடும். பற்றீரியாக்களினுள்ளே, அவற்றின் பெரிய டி.என்.ஏ.க்குப் புறம்பாகச் சிறு வளையங்களும் உண்டு. 1973இல் ஐக்கிய அமெரிக்காவிலே கோகென், பொயர் ஆகிய இருவரும் அவர்தம் கூட்டாளிகளும், அத்தகைய வளையத்தை வெட்டி, வேறு டி.என்.ஏ.த் துண்டை இடையில் ஒட்டி, மீண்டும் ஈ. கோலை என்ற பற்றீரியாவுக்குள் செலுத்தி, அது பெருகுவதைக் காட்டினர். 1978இல் இம்முறையால் மனித இன்சுலின் ஆக்கப்பட்டது. 1982இல் மருந்தாக அனுமதி பெற்றது. அதற்கு முன் சலரோகக்காரர் பன்றியினதும் மாட்டினதும் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினையே ஊசியாகப் போட்டுக்கொண்டனர். மரக்கறி உண்ணும் எம்மவர் எத்தனைபேர் அதை அறியாமலும், அறிந்தோர் மனம் நொந்தும் போட்டிருப்பர்! பாவபுண்ணியம் பேசுவதானால் இதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஆயினும் எல்லாம் பரிசுத்தம் என்று சத்தியஞ் செய்யவும் நாம் துணியோம். பற்றீரியா வளர்க்கும் குழம்பில் மதுவத்தின் சாறும், பாற்புரதத்தைச் செரிக்கவைத்த பொருளும் சேர்கின்றன. செரிக்கவைக்கும் நொதியம் எங்கிருந்து வந்ததென்று துருவினால் விலங்கின் கணையத்துக்கே போய் முடியக்கூடும். கேட்ட பெரியவருக்கு இதையும் மறைக்காமற் சொல்லவேண்டியது எமது கடமை.

கலெற்றின்-3ஐ ஆக்கும் வேலை ஒரு நல்ல சமையல் போன்றது. வளையத்தை ஏந்திய ஈ. கோலையை உடற்சூட்டளவான வெப்பத்தில், குலுக்கும் குடுவையில் வளர்ப்பர். நீர் கலங்கி வரும். அப்பொழுது புரதத்தை ஆக்கத் தொடங்கு என்று பற்றீரியாவுக்குக் கட்டளையிடவேண்டும். இலற்றோசு வந்தாலன்றி அதனைச் செரிக்கும் நொதியங்களை ஈ. கோலை ஆக்குவதில்லை, வந்ததும் ஓர் ஆளி திறந்துகொள்கின்றது. பாரிசு நகரத்தில் இதனை விளக்கிய யாக்கோப்பு, மொனோ இருவரும் 1961இல் அதை வெளியிட்டனர். 1965இல் நொபெற் பரிசும் பெற்றனர். அந்த ஆளியையே மனிதப் பாடத்துக்கு முன் பொருத்திவைத்து, இலற்றோசின் சாயலுடைய ஒரு பொருளைக் குடுவையில் இட்டால், பற்றீரியா ஏமாந்து மனிதப் புரதத்தை ஆக்கத் தொடங்கும். பாற்சீனியைப் பற்றும் புரதத்தை, பாற்சீனியின் வேடத்தைக் காட்டியே ஆக்குவிக்கின்றார்கள். நாம் ஒவ்வொருமுறை இதைச் செய்யும்போதும் இவ்வேடிக்கையை எண்ணி மனத்துக்குள் சிரிப்பதுண்டு.

சில மணி நேரத்தின் பின் பற்றீரியாக்களைத் திரட்டி உடைத்தால், ஆயிரக்கணக்கான பற்றீரியாப் புரதங்களின் நடுவே எமது புரதமும் கிடக்கும். பிரித்தெடுப்பது எப்படி? அதன் குணத்தைக் கொண்டே பிடிக்கவேண்டும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகறோசு மணிகளில் இலற்றோசைக் கட்டி, ஒரு குழாயில் நிரப்பி, உடைத்த குழம்பை மேலிருந்து ஊற்றுவர். மற்றவையெல்லாம் வழிந்துபோக, கலெற்றின் மாத்திரம் இலற்றோசைப் பற்றிக்கொண்டு நிற்கும். நன்றாகக் கழுவிவிட்டு, இலற்றோசுக் கரைசலை ஊற்றினால், மணியிலுள்ள இலற்றோசை விட்டுக் கரைசலிலுள்ளதைப் பற்றிக்கொண்டு புரதம் கீழே இறங்கிவரும். சம்னர் கண்ட சோதனையேதான், பிரித்தெடுக்கும் கருவியாக மாறியிருக்கின்றது. பிறகு மென்சவ்வுப் பையிற் கட்டி, மாற்று நீரில் நாட்கணக்காக ஊறவைத்து அந்த இலற்றோசை நீக்கவேண்டும். சோம்பலால் இதைக் குறைத்தால் கை நிறைந்த புரதமே கிடைக்கும், எதையும் பற்றாது. எமது மாணவர் சிலர் வாரக்கணக்காகத் தலையைச் சொறிந்ததற்குக் காரணம் இதுவாகவே இருந்ததுண்டு.

எல்லா மனிதப் புரதங்களையும் ஈ. கோலையில் இவ்வாறு ஆக்கிவிடலாமென்று எண்ணற்க. மனோசைப் பற்றும் இலெற்றின் ஒன்று எம் குருதியில் உண்டு. அது பல இழைகள் முறுகிப் பூங்கொத்துப்போல் அமைவது. பற்றீரியாவால் அந்த முறுக்கைக் கொடுக்கமுடியாது. முலையூட்டியின் கலங்களிலேயே ஆக்கவேண்டும். விலையும் அவ்வாறே ஏறும். கலெற்றின்-3 எளிமையானது. பற்றீரியா ஆக்கியதும் தானே மடிந்து நிற்கும்.

இனி எமது தவற்றைச் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் விடலாமென்றும் யோசித்தோம். இளைஞர் பலர் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களுக்குப் போகும் வயதிலிருப்பதால் சொல்லத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் எம் கையாலேயே கலெற்றின்-3ஐ ஆக்கினோம். தூய்மை பார்க்கும் பசைத்தகட்டில் ஒரே பட்டை, 30 என்ற அடையாளத்துக்கு அண்மையில், கோடு கீறியதுபோல் விழுந்தது. மகிழ்ச்சிக்கு அளவில்லை. குருதியிலிருந்து பிரித்த வெண்குழியங்களுக்கு அதை ஊட்டினோம். வெண்குழியங்கள் விழித்தெழுந்து, அழற்சியை மூட்டும் பொருள்களைக் கரைசலிற் கொட்டின. கூட்டிய அளவுக்கு ஏற்ப விளைவும் கூடிற்று. படம் வரைந்தோம்; மாநாடொன்றுக்குச் சுருக்கமும் அனுப்பினோம். இலற்றோசைச் சேர்த்துப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். பார்த்தோம். விளைவு குறையவில்லை என்றே சொல்லவேண்டும். அப்பொழுதே நின்றிருக்கவேண்டும். நின்றோமா? இல்லை. இப்புரதம் வெல்லத்தைப் பற்றாமலும் வேலை செய்யக்கூடும் என்று நாமே ஒரு சமாதானம் கற்பித்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் புரட்டினோம்.

ஆய்வுகூடத்திற் புதிதாகச் சேர்ந்திருந்த தங்கை ஒருவர், கைகட்டி நின்று, "ஐயா, ஒருக்கால் கொதிக்கவைச்சுப் போட்டுப் பார்ப்பமோ?" என்று கேட்டார். கொதிக்கவைத்தால் புரதத்தின் மடிப்புக் குலைந்து கலெற்றின் செத்துவிடும். அதற்குப் பின்னும் வெண்குழியங்கள் விழிக்குமானால், விழிக்கச் செய்வது கலெற்றின் அன்று. கொதிக்கவைத்தோம். முன்போலவே விழித்தன.

ஈ. கோலையின் புறச்சுவரில் ஒரு நச்சுப் பொருள் உண்டு, கொழுப்பும் வெல்லமும் சேர்ந்தது, கொதிநீருக்கு அசையாதது. மயிரிழையளவு சேர்ந்தாலும் எம் வெண்குழியங்கள் கிருமி வந்துவிட்டதென்று ஆர்ப்பரிக்கும். பற்றீரியாவை உடைத்த குழம்பிலிருந்து எடுத்த புரதத்தில் அது கலந்திருப்பது இயல்பு. கலெற்றின்-3க்கோ அந்த நச்சுப் பொருளைத் தானே பற்றிக்கொள்ளும் குணமும் உண்டு. புரதப் பட்டையைக் காட்டும் தகட்டில் அது தெரியாது. குதிரைலாட நண்டின் நீலக் குருதி அதைக் கண்டதும் உறையும்; அதைக்கொண்டு செய்யும் சோதனை 1960களிலிருந்தே உண்டு; நண்டை வருத்தாமல், அதன் குருதியிலுள்ள காரணியையும் மீள்சேர்க்கையால் ஆக்கிச் செய்யும் முறையும் இன்று உண்டு. அச்சோதனைக்குப் பணம் செலவாகும், பிறகு செய்யலாம் என்று தள்ளிவைத்தவர்கள் நாம். விலைக்கு விற்கும் நல்ல புட்டிகளின் தாளில், ஒரு மைக்கிரோகிராம் புரதத்துக்கு இந்நச்சு இத்தனை அலகுக்கும் குறைவு என்று எழுதியிருப்பர். அந்த வரியை வாசிக்காமல் விலையை மாத்திரம் வாசிப்பது எம்மவர் வழக்கம்.

ஒன்பது மாத உழைப்பு. நஞ்சை நீக்கி மீண்டும் செய்தபொழுது, முன் கண்ட விளைவிற் பெரும்பகுதி காணாமற்போயிற்று. மாநாட்டுக்கு எழுதி, அனுப்பிய சுருக்கத்தை மீளப் பெற்றுக்கொண்டோம். அக்கடிதத்தை எழுத நாலு நாள் சென்றது. ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள், விட்டுவிடுங்கள் என்று சொன்ன நண்பரும் உளர். உண்மையில் ஒருவரும் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் அந்தத் தங்கை அறிவார். அவர் முகத்தில் விழித்துக்கொண்டு நாள்தோறும் அந்த அறைக்குள் எப்படிப் போவது?

இப்பொழுது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். எல்லோரும் போனபின் அவர் புட்டியைக் காட்டி, "ஐயா, உதிலை கொஞ்சத்தை எடுத்துப் பெரியப்பாவுக்கு ஊசியாய்ப் போட ஏலாதோ?" என்று கேட்டார். பெரியப்பாவுக்கு இருதயம் பலவீனமாகி, கால் வீங்கி, படியேறினால் மூச்சு வாங்கும் நிலை. கலெற்றின்-3க்கும் இருதயத்துக்கும் சம்பந்தம் உண்டென்று எங்கோ வாசித்திருக்கின்றார். மனிதப் புரதந்தானே, மனிதனுக்குப் போட்டால் என்ன என்பது அவர் எண்ணம். கேட்கும்பொழுது அவர் கண் கலங்கியிருந்தது. சிரித்து அனுப்பிவிடக்கூடிய கேள்வி அன்று அது.

அவரை இருக்கச்செய்து சொன்னோம். சம்பந்தம் இருப்பது உண்மை. ஆனால் நீர் நினைக்கும் திசையில் அன்று. இருதயப் பலவீனமுடையோரின் குருதியில் இப்புரதம் கூடுதலாக இருந்தால் நிலைமை மோசமாகக்கூடுமென்று கண்டு, அதை அளக்கும் குருதிச் சோதனைக்கு 2010இல் ஐக்கிய அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பே, 2004இல், நோயற்ற எலிகளின் இருதயத்தைச் சூழ்ந்த பையினுள் இப்புரதத்தை நாலு வாரம் சிறுகச் சிறுகச் செலுத்திப் பார்த்தனர். எலிகளின் இருதயத்தில் நார் மிகுந்து, அது சுருங்கும் வலிமை குன்றிற்று. பெரியப்பாவுக்கு இதைப் போட்டால் என்னவாகுமென்று எலி சொல்லிவிட்டது, தம்பி. அவர் முகம் வெளிறிப்போயிற்று.

அப்படியானால் இதைத் தடுக்கும் மருந்து இருக்குமே என்றார். கெட்டிக்காரப் பிள்ளை. தேடுகின்றார்கள். ஈரல் விறைத்தோருக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு மருந்தின் பரிசோதனை, 2020இல் வெளிவந்தபொழுது, எதிர்பார்த்த முதல் நோக்கத்தை எட்டவில்லை. நுரையீரலில் நார் படருவோருக்கு மூச்சோடு இழுக்கக் கொடுத்த மற்றொன்றும் 2023இல் தோல்வியுற்றது. தோடம்பழம் முதலியவற்றின் தோலிலிருந்து எடுக்கும் பெத்தினைப் பதப்படுத்தி, கலெற்றினை அடக்கும் பொடி என்று விற்போரும் உளர். அதன் விலையைக் கேட்டால் பெரியப்பாவின் மாத்திரைகள் பல மாதத்துக்கு வாங்கலாம். வீட்டில் அப்பொடிக்கு ஏற்கெனவே பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்களென்பது அப்பொழுதுதான் தெரியவந்தது. பெரியம்மாவின் காப்பு அடகுக்குப் போகவிருந்ததாம். அதை நிறுத்தி, இருதய வைத்தியரிடம் கிளினிக்குக்குத் தவறாமற் போகும்படியும், கொடுத்த மாத்திரையை விடாமற் போடும்படியும், உப்பைக் குறைக்கும்படியும் சொல்லி அனுப்பினோம். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "பேந்து உந்தப் புட்டியாலை ஆருக்கு ஐயா பிரயோசனம்?" என்று கேட்டார்.

நியாயமான கோபம். மறுமொழியாக, மேசை இழுப்பறையிற் கிடந்த குன்றிமணி ஒன்றை எடுத்துக் காட்டினோம். பொன்னை நிறுக்கவேண்டுமானால் நிறை தெரிந்த ஒன்று மறுதட்டில் இருக்கவேண்டும். நோயாளியின் குருதியில் கலெற்றின்-3 எவ்வளவென்று சொல்லும் சோதனைக்கு, அளவு தெரிந்த கலெற்றின்-3 வேண்டும். அந்தப் படிக்கல் இப்புட்டி. தடுக்கும் மருந்தொன்றை யாராவது ஆக்கினால், அது பள்ளத்தைச் சரியாக அடைக்கின்றதா என்று நோயாளியைத் தொடாமல் முதலிற் பார்ப்பதும் இதைக்கொண்டுதான். தோற்ற மருந்துகள் ஏன் தோற்றன என்று தேடுவதும் இதைக்கொண்டுதான். சீட்டில் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று எழுதியது, புட்டிக்காரன் பழிக்கு அஞ்சி எழுதியது மாத்திரமன்று. உள்ளேயிருப்பது எதற்கு உரியதோ அதையே எழுதியிருக்கின்றான்.

அந்தக் குன்றிமணியை அவர் வாங்கிக்கொண்டு போனார். மெல்லவேண்டாம் என்று சொல்லியே கொடுத்தோம்.

பெரியப்பா இப்பொழுது மாத்திரையோடும் உப்புக் குறைந்த கறியோடும் காலங்கழிக்கின்றார். கால் வீக்கம் வற்றியிருக்கின்றது. இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார் என்பதால், அந்தக் கறியைப் பற்றி அவர் எம்மிடம் சொன்னதை இங்கே வெளியிடுவதற்கில்லை.